ஹார்ட் டியூபுக்கு இரண்டு பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது டயாலிசிஸ் யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். நர்ஸுகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். ஆனால் பத்து மெஷின் ஒன்றாக ஓடினாலும் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பத்தொன்பது வருஷமாக இந்த டெக்னீஷியன் வேலை. நோயாளியின் ரத்தம் டியூப் வழியாக வெளியே வந்து, ஃபில்டரில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் போக வேண்டும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி போகக் கூடாது. டியூப், கிளாம்ப், பம்ப், இதெல்லாம் நான் சொன்னபடி கேட்கும். மனுஷர்களிடம் பேசத்தான் எனக்கு வராது.

மூன்றாம் நாற்காலிக்காரன் என்னிடம் பேச ஆரம்பித்ததே டியூபைப் பார்த்துத்தான்.

“அண்ணே, இந்தக் குமிழி பிடிக்கிற டப்பாவ ஏன் இவ்வளவு உசரத்துல வச்சிருக்கீங்க?”

“காத்து மேலதானே ஏறும்? மேல வச்சாத்தான் மாட்டும்” என்றேன்.

சும்மா கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் மடியிலிருந்த கோடு போட்ட நோட்டைத் திறந்து, ஊசி குத்தாத வலது கையால் அதை எழுதிக்கொண்டான்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு வந்து பதினொரு மணி வரை படுத்திருப்பான். இன்னும் கட்டாத வீடுகளையும் கடைகளையும் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பது அவன் தொழில். அப்பா அம்மா இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. உறவென்று சொல்ல ஓர் அக்கா, அவள் புருஷன், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள்.

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனால் அன்றைய மீதி நாள் துவண்டு கிடப்பான். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால் வேலை எப்படி முடியும்? அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, கம்ப்யூட்டரின் வேகத்தைக் கம்பெனி நிர்ணயித்த அளவுக்கு மேல் ஏற்றி ஓட்டுவது. ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர்.

“நான்தான் மெதுவாயிட்டேன். அதாச்சும் கொஞ்சம் ஓடட்டுமேண்ணே” என்பான்.

ஓடத்தான் செய்தது. ஆனால் அடுப்பாகக் கொதித்தது. ஃபேன்கள் ஊளையிட்டன. பாதி வேலையில் சூடு தாங்காமல் தானாக அணைந்து, ஆறு மணி நேரம் செய்த படம் வீணாய்ப் போனது. அதனால் காற்று போதாது, தண்ணீர்தான் என்று முடிவு செய்திருந்தான். ஒரு சின்னத் தொட்டி, அதன் கீழ் ஒரு பம்ப். அங்கிருந்து தண்ணீர் கிளம்பி, சூடாகும் சில்லுகள் மேல் பொருத்திய செம்புக் கட்டிகளுக்குள் புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் ஆறி, திரும்பத் தொட்டிக்கு வர வேண்டும். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதை அவன் நம்பவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துத் தானே பூட்டப் போகிறான். அதற்கான பிளான்தான் அந்த நோட்டு.

“மொத்தம் ஒரு லிட்டர் நூறு மில்லி பிடிக்கும்ணே. எனக்கு ஒரு நாளைக்கே எழுநூறுதான் அளந்து விட்டிருக்கீங்க. என்னைவிட அது வசதியா குடிக்கப் போகுது.”

அவன் சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அன்று காலைதான் எடை பார்க்கும்போது இரண்டே முக்கால் கிலோ கூடியிருக்கிறதே என்று அவனைக் கத்தியிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, குடிக்கவில்லை என்று பொய் சொல்லும் ரகம். எல்லோருமே அந்த ரகம்தான். தாகம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, அதனால் எனக்குக் கத்துவது சுலபம்.

போகப் போக நானும் அந்த நோட்டில் மூக்கை நுழைத்தேன். தண்ணீர் வடிக்க ஒரு குழாய் வேண்டும், அது இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டான். ரேடியேட்டர் செம்பில்தான் வேண்டும், அலுமினியத்தைக் கலந்தால் ஒன்றை ஒன்று அரித்துவிடும் என்று அவன் எனக்குச் சொன்னான். பூட்டி முடித்ததும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட விடுவார்களாம். ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து, ஒரு சொட்டு ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் யூனிட்டில் சிலருக்கு இல்லாத பொறுப்பு அது.

எங்களுக்குள் ஒத்துப்போகாதது ஒன்றே ஒன்று. முதலில் அவன் போட்ட பிளானில் எல்லாமே சாஃப்ட் டியூப். வளையும், நெளியும், கத்தரிக்கோலால் வெட்டிச் செருகினால் முடிந்தது. நான் தினமும் கையாளும் சாமான். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் பக்கத்தைத் திருப்பி, புதிதாக வரைந்திருக்கிறான். எல்லாம் ஹார்ட் டியூப். கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கும் பிளாஸ்டிக் குழாய். அதை ஹீட் கன்னால் சூடாக்கி, இளகும் நேரம் பார்த்துச் சரியான கோணத்தில் வளைத்து, ஆறும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அரை இஞ்ச் தப்பினாலும் குப்பைக்குத்தான். பக்கத்தின் மூலையில் “ஆட்கள்: 2” என்று எழுதியிருந்தான்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றேன். “இடது கையில ஊசி குத்துறதுக்குன்னே ரத்தக்குழாய இணைச்சு வச்ச ஃபிஸ்டுலா இருக்கு. பாரம் தூக்கக் கூடாது, சூடு படக் கூடாது. சாஃப்ட் டியூபுன்னா நீ ஒருத்தனே முடிச்சுடுவே.”

“ஹார்ட் டியூபுதாண்ணே பாக்க அழகு.”

“மூடி போட்ட பெட்டிக்குள்ள அழக யாரு பாக்கப் போறா?”

“அக்கா வந்து பிடிச்சுக்குவா. நான் சூடு காட்டுறேன், அவ பிடிக்கட்டும்.”

“அந்த ஹீட் கன்ன மேஜையில இறுக்கிக் கட்டிட்டாலே ஒரு ஆள் போதுமே!”

“ஆடும்ணே.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். பிடிவாதக்காரன் என்று விட்டுவிட்டேன். ஆனால் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று தடவை, ஊசி குத்தும்போதெல்லாம் அதையே சொல்லிக் குத்தினேன். ஒரு ஆள் போதும், ஒரு ஆள் போதும்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் அவனுக்குக் கிட்னி கொடுப்பதாக இருந்தது. கேட்காமலே முன்வந்தாள். ரத்தப் பரிசோதனை, திசுப் பொருத்தம், ஸ்கேன் என்று நான்கு மாதம் அலைந்தாள். கடைசியில் பெரிய டாக்டர் அவனைக் கூப்பிட்டு, “ஒத்து வரலப்பா, வேற யாராவது பாக்கலாம்” என்று சொல்லிவிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்? இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கான பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியல் நகரும் வேகம் எனக்குத் தெரியும். அதில் பெயர் இருக்கும்போதே போனவர்களின் மெஷினை நான் கழுவி வைத்திருக்கிறேன்.

உண்மை வேறு. அதற்கு முந்தின நாள் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க டாக்டர் அறைக்குப் போயிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அக்கா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். “என்னால முடியல டாக்டர். பயமா இருக்கு. அவர் வேணாங்கிறார். அவனுக்கு மட்டும் தெரிய வேணாம்” என்றாள். “தெரியாது. பொருந்தலன்னு சொல்லிடுறேன். அது எங்க கடமை” என்றார் டாக்டர். கொடுப்பவர் கடைசி நிமிஷத்தில் பின்வாங்கினால் அப்படித்தான் சொல்வார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி எடுக்க முடியாது. எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? வயிறு எரிந்தது. அத்தனையும் பொருந்தியிருந்தது. இதுமாதிரி ஒரு பொருத்தம் லேசில் கிடைக்காது.

அதன்பிறகு ஒரு வாரம் அவள் யூனிட் பக்கமே வரவில்லை. அப்புறம் வர ஆரம்பித்தாள். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, தம்பி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். நோட்டை அவள்தான் பிடித்திருப்பாள். அவன் சொல்லச் சொல்ல அளவு குறிப்பாள். “இங்க தொண்ணூறு டிகிரி. இங்க நாப்பத்தஞ்சு. நீ ஆடாம பிடிக்கணும்க்கா, உனக்குத்தான் நிதானம்” என்பான். அவள் தலையாட்டுவாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையைப்போல் அப்படியொரு கவனம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, குழாய் பிடிக்க வந்துவிட்டாளாம். அவள் வந்தால் என் முகம் தானாகக் கோணும். அவள் “வணக்கம் சார்” என்றால் மெஷினைப் பார்த்துத் தலையை அசைப்பேன்.

அன்று வியாழக்கிழமை. சப்ளை அறையிலிருந்து ஃபில்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் நடைபாதையில் எனக்காகக் காத்திருந்தாள்.

“சார், ஒரு சந்தேகம். ஞாயித்துக்கிழமை அந்தக் குழாய வளைக்கப் போறோம். உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு தம்பி சொன்னான். பிடிக்கும்போது கை சுட்டுடுமா சார்? எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு.”

பயம் என்ற அந்த ஒரு வார்த்தைதான். எனக்குள் என்னவோ அறுந்தது.

“எல்லாத்துக்கும் பயந்தா எப்படிம்மா?” என்றேன். “அன்னிக்கும் பயம், இன்னிக்கும் பயம். எல்லாம் பொருந்தியும் கொடுக்காதவங்க, குழாய் பிடிச்சு என்ன ஆகப் போகுது?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மிக மெதுவாக, “அவனுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மையும். ஆனால் கோபத்தில் வாய் நின்றால்தானே? “நம்பர் பாத்தே பொழைக்கிறவன். அவனுக்கு ஒரு ரிப்போர்ட் படிக்கத் தெரியாதா?” என்றேன். அவளைக் குத்த வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அவள் யூனிட்டுக்குள் திரும்பிப் போகவில்லை. ஸ்டூலின் மேல் அவள் பை இருந்தது. பதினொரு மணிக்கு அவன்தான் அதை எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழாய் வளைக்கவும் போகவில்லை என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தது. வியாழனும் ஸ்டூல் காலி. அவன் ஒன்பது மணிக்குக் கதவைப் பார்ப்பான். ஒன்பதே காலுக்குப் பார்ப்பான். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவனுடைய ஃபைலில் அவசரத்துக்குக் கூப்பிட என்று அவள் நம்பர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சப்ளை அறைக்குள் போய்க் கூப்பிட்டேன்.

“சார், அவனுக்கு ஏதாவதா?” என்று பதறினாள்.

“ஒண்ணும் இல்லம்மா. நான் அன்னிக்குப் பேசினது தப்பு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கோபத்துல உளறிட்டேன். நீங்க வாங்க.”

“இல்ல சார். யோசிச்சுப் பாத்தேன். அவனுக்குத் தெரியும். அந்த வாரத்துலேருந்து அவன் என்கிட்ட ஒரு தடவகூட அந்தப் பேச்ச எடுக்கல. தெரியாம இருந்தா எடுத்திருப்பான்ல?” கொஞ்சம் நிறுத்தினாள். “கையெழுத்துப் போடுறதுக்காகத்தான் சார் போனேன். பேனாவ வாங்கினேன். என் கை ஓடல. ரெண்டு பிள்ளைங்க முகமும் வந்து நின்னுச்சு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் பக்கத்துல உக்காருறது?”

நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துவிட்டு அவளே போனை வைத்தாள். இத்தனை நாள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தேன். அவளுக்குப் பயம், அவ்வளவுதான். எனக்கு யாராவது ஊசி குத்தினால் நானே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள்.

சனிக்கிழமை அவனே பேச்சை எடுத்தான். மெஷின் ஓட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அக்காவுக்கு யாரோ என்னவோ சொல்லியிருக்காங்க. போன்ல குரலே மாறிடுச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல்னா, அப்புறம் மாமாவுக்கு முதுகு வலின்னா. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.”

நான் பிரஷரைக் குறிப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்” என்று நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். நாலாக மடித்த இரண்டு தாள்கள். லேப் ரிப்போர்ட். ஒன்று அவனுடையது, ஒன்று அக்காவுடையது. “லேப்ல ரெண்டு பேருக்கும் என் மெயிலத்தான் கொடுத்திருந்தேன். டாக்டர் சொல்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே வந்துடுச்சு. ஆறுக்கு ஆறு பொருத்தம்ணே. அவர் ஒத்து வரலன்னு சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு.”

“அப்ப நீ...” என்று இழுத்தேன்.

“என்ன செய்யச் சொல்றீங்க? அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. முதல்ல எனக்கும் ஆத்திரம் வந்துச்சு. ரெண்டு நாள் சுவத்தப் பாத்துப் படுத்திருந்தேன். அப்புறம் அவ வரவே இல்ல. போன் பண்ணா பிள்ளைங்க எடுக்குதுங்க. கிட்னி போனா போகட்டும்ணே, அக்காவும் போயிட்டா நான் எங்க போறது?” எச்சில் விழுங்கக்கூட அவன் வாயில் ஈரம் இல்லை. “சும்மா வான்னா வர மாட்டா. என் மூஞ்சியப் பாக்க முடியாது அவளால. கைக்கு ஒரு வேல கொடுத்தா வருவா. அதான் பிளான மாத்தினேன். ஹார்ட் டியூப்னா ரெண்டு பேர் வேணும்ல? நீ இல்லாம என்னால முடியாதுக்கான்னேன். மறுநாளே வந்துட்டா.”

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. யாரோ என்றுதானே அவன் சொல்கிறான், அந்த யாரோ நானாக இருக்க வேண்டாமே. ஆனால் வாரத்துக்கு மூன்று தடவை அவன் கையில் நான்தான் ஊசி குத்த வேண்டும்.

“நான்தான் தம்பி சொன்னேன்” என்றேன். நடைபாதையில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். போனில் அவள் சொன்னதையும் சொன்னேன்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. டியூபில் தன் ரத்தம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேட்டான்.

“ஒரு மணி அம்பது நிமிஷம்.”

அந்த ஒரு மணி ஐம்பது நிமிஷமும் அவன் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போகவும் அவனால் முடியாது. என்னாலும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். எடை மூன்று கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டு, ஸ்பிரிட், ஊசி எல்லாம் எடுத்து வைத்தேன். அவன் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினான். ஹார்ட் டியூப் பக்கத்தில் குறுக்கே ஒரே ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான்.

“யோசிச்சுப் பாத்தேண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. சாஃப்ட் டியூபே போட்டுக்கலாம்.”

“வேணாம் தம்பி. ஹார்ட் டியூபே போடு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான். நான் வந்து பிடிக்கிறேன்.”

“எதுக்குண்ணே?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எதற்கு என்று கேட்பதுபோல் கேட்டான்.

பழைய பக்கத்துக்குத் திருப்பினான். முதன்முதலில் வரைந்த பிளான். நான் சொன்னபடி மேலே காற்றுக்கு வழி, கீழே தண்ணீர் வடிக்கக் குழாய், நடுவில் வளைந்து நெளிந்து போகும் சாஃப்ட் டியூப். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.

“சாஃப்ட் டியூப்னா ஒரு ஆள் போதும்ல?”

இரண்டு மாதமாக நான் அவன் காதில் ஓதியது. இப்போது அவன் என் வாயால் மறுபடி கேட்க நினைக்கிறான். அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் ஊசியைப் பார்த்தேன்.

“போதும்” என்றேன்.

பக்கத்தின் மூலையில் “ஆட்கள்: 1” என்று எழுதிவிட்டு இடது கையை நீட்டினான்.